பாயின் மேஜை

ரிச்சி தெருவின் இரைச்சல் மாடிப்படி ஏற ஏறக் குறைகிறது. பாய் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கதவை ஒட்டி ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் மேஜை முழுக்கத் தெரியும்: சுட்ட தழும்புகளோடு ஒரு ரப்பர் விரிப்பு, ஈயச் சுருள், குளிர்பான மூடியில் ஃப்ளக்ஸ், நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்ட பாய்.

எதிரே நிற்பவர் பாலிடெக்னிக் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஏலத்தில் எடுத்த இரண்டு கருவிகளைக் கொண்டுவந்திருக்கிறார். ஒன்று டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆசிலோஸ்கோப். நான்கு சானல், 400 மெகாஹெர்ட்ஸ். மற்றொன்று ஹெச்பி 3478ஏ மல்டிமீட்டர். இரண்டையும் ரிப்பேர் என்று சொல்ல அவருக்கு மனமில்லை. "லேசா செக் பண்ணணும் பாய்" என்கிறார்.

ஸ்கோப்பை முதலில் போடுகிறார்கள். விசிறி சுழல்கிறது, விளக்குகள் ஒரு சுற்று மின்னி அணைகின்றன, திரையில் பச்சையாக எழுத்து வருகிறது: டெஸ்ட் 04 ஃபெயில். பாய் ஒரு பொத்தானை அழுத்தியதும் எழுத்து போய், கோடு ஒழுங்காக ஓடுகிறது.

"பாத்தீங்களா, நல்லாத்தான் ஓடுது" என்கிறார் வந்தவர்.

"ஓடும் சார். ஆனா தன் தப்பு என்னன்னு அதுக்கு மறந்துபோச்சு."

கடைப் பையன் மூடியைக் கழற்றி, போர்டில் ஒரு சிப்பைக் காட்டுகிறான். அக்கம்பக்கத்துச் சிப்புகளைவிட அது மட்டும் இரட்டை உயரம். டாலஸ் டிஎஸ்1225. உள்ளே 8 கிலோபைட் நினைவகம், அதன் தலைமேல் ஒரு லித்தியம் செல், இரண்டையும் சேர்த்துப் பிசினில் புதைத்த கட்டி. மின்சாரமே இல்லாமல் குறைந்தது 10 ஆண்டு நினைவு தங்கும் என்பது அதைச் செய்தவர்கள் கொடுத்த வாக்கு. முதுகில் 91 என்று தொடங்கும் நான்கு இலக்கத் தேதிக்குறி, பிறந்தது 1991. கொடுத்த வாக்கைவிடக் கூடுதலாகவே உழைத்துவிட்டுத்தான் ஓய்ந்திருக்கிறது.

பையன் அதைச் சூடு காட்டி எடுத்து, லேப்டாப்போடு இணைத்த ப்ரோக்ராமரில் வைத்துப் படிக்கிறான். கழற்றி மாட்டி மறுபடி படிக்கிறான். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை. "காலி பாய்" என்கிறான்.

வந்தவர் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். "இதே மாடலோட ஃபைல் நெட்ல கிடைக்குதாமே? அத ஏத்திட்டா மெசேஜ் போயிடும்ல?"

"போயிடும்."

"அப்புறமென்ன?"

பாய் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறார். அவர் சொல்லாததை நான் சொல்லிவிடலாம். கருவிக்குள் இருக்கிற ரெசிஸ்டரோ ஆம்ப்ளிஃபையரோ எதுவும் கச்சிதமாக அமைவதில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடவோ குறையவோதான் காட்டும். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று அளவுத் திருத்தத்தின்போது கண்டு எழுதிவைத்த எண்கள்தாம் அந்தச் சிப்பில் இருந்தவை. தராசில் லேசான தட்டின் அடியில் புளி உருண்டை ஒட்டிச் சமன் செய்வார்களே, அது அந்தத் தராசுக்கு மட்டுமே பொருந்தும். வேறொரு ஸ்கோப்பின் எண்களை ஏற்றினால் அவற்றின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் சோதனை தேறிவிடும், 04 மறைந்துவிடும், காட்டுகிற அளவு மட்டும் பொய்யாக இருக்கும். பொய் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

மீட்டர் இன்னும் மறக்கவில்லை. பாயின் முகத்தில் இப்போதுதான் அக்கறை தெரிகிறது. ஒரு சின்ன ரெஃபரன்ஸ் போர்டை மாட்டுகிறார். 10.0021 என்று நிற்கிறது. அதைக் கரியெழுதுகோலால் மேஜை விளிம்பிலேயே குறித்துக்கொள்கிறார். மூடியைத் திறந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய 3 வோல்ட் லித்தியம் செல்லை அளக்கிறார். 2.8 சொச்சம். உச்சுக்கொட்டுகிறார்.

"இன்னும் எவ்ளோ நாள் தாங்கும்?"

"இன்னிக்குத் தாங்குது. அது போதும்."

முதலில் நகல். தடித்த ஜிபிஐபி கேபிள், பையன் ஆர்டுவினோவில் கட்டிய இணைப்பு, பயனர் கையேட்டில் இல்லாத ஒரு கட்டளை. மீட்டர் தன் நினைவகத்தை ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. மொத்தம் 256 இடங்கள், இடத்துக்கு நாலே பிட். வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் பூங்கொத்து இதைப்போலப் பல நூறு மடங்கு இருக்கும்.

"மெயில்ல போட்டுருங்க. என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்கிறார் வந்தவர்.

அப்புறம் செல் மாற்றம். மீட்டரை ஓடவிட்டபடியே மாற்றுகிறவர்கள் உண்டு. கரண்டை நம்பிப் பாய் அப்படிச் செய்வதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய செல்லுக்கு இணையாக இரண்டு பென்சில் பேட்டரிகளைக் கிளிப் போட்டு மாட்டுகிறார். நடுவில் ஒரு டயோடு, லித்தியத்துக்குள் மின்னோட்டம் திரும்பிப் போகாமலிருக்க. சால்டரிங் அயர்ன் நன்றாகக் காய்ந்ததும் பையனைப் பார்க்கிறார். பையன் அதன் பிளக்கையும் சுவரிலிருந்து உருவுகிறான். முனையில் கசியும் சொற்ப மின்சாரமே நினைவகத்தை அழிக்கப் போதும். அதனால் பாய் இந்த வேலையை ஆறிக்கொண்டிருக்கும் அயர்னில்தான் செய்கிறார். பழைய செல்லின் ஒரு கால் கழன்று வருகிறது. ஈயம் இறுகிவிடுகிறது. மறுபடி பிளக், மறுபடி காத்திருப்பு, மறுபடி உருவல். அவசரமே இல்லை. வந்தவர்தான் மணி பார்க்கிறார்.

புதுச் செல் உட்கார்ந்ததும், கிளிப்பை எடுத்துவிட்டு மீட்டரை ஆன் செய்கிறார்கள். 10.0021. பாய் மேஜை விளிம்பை ஒருமுறை பார்த்துவிட்டு அதை விரலால் அழிக்கிறார்.

ஸ்கோப்பில் பழைய கட்டி இருந்த இடத்தில் சாக்கெட் வைத்து, பேட்டரியே தேவைப்படாத எஃப்ரேம் சிப் ஒன்றைச் சின்ன அட்டையோடு சொருகித் தருகிறார்கள். எண்கள் இல்லாத வெற்றுச் சிப். லேபில் கொடுத்துத் திருத்தம் செய்தால் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

"அதுக்கு ஆகிற செலவுல இன்னொண்ணு வாங்கிடலாமே பாய்."

"அப்ப 04 வருதுன்னு சொல்லி வித்துடுங்க. சிக்னல் வருதான்னு பாக்கறவனுக்கு இது போதும்."

"சொன்னா பாதி விலைக்குக் கேப்பான்."

பாய் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, '04: அளவை நம்ப வேண்டாம்' என்று எழுதி ஸ்கோப்பின் நெற்றியில் ஒட்டுகிறார். மீட்டருக்கும் சாக்கெட்டுக்கும் மட்டும் கணக்குச் சொல்லிக் காசு வாங்கிக்கொள்கிறார். வந்தவர் ஸ்கோப்பைத் தூக்கி இடுப்பில் சாய்த்துக்கொள்கிறார். கட்டைவிரல் நகம் டேப்பின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது.

பாய் அதைப் பார்த்துவிட்டார். "ஒட்டலையா சார்? இருங்க, வேற நல்ல டேப்பா ஒட்டித் தரேன்."