திருப்பினா முனகும் வண்டி

போன மாசம் ஊர்லேர்ந்து அப்பா போன். “டேய், வண்டியைத் திருப்புறப்ப என்னமோ சத்தம் வருதுடா. சர்வீஸ்ல விட்டேன், ஸ்டியரிங் ரேக் போச்சுங்கறான். இருபத்தாறாயிரம் ஆகுமாம்.”

வண்டிக்கு வயசு பதினொண்ணு. அப்பாவுக்கு வர்றது பென்ஷன். இது போதாதுன்னு, மாசக் கடைசியில கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயே ஆகணும்னு அம்மா வேற வேண்டிக்கிட்டு இருக்காங்க. நாமக்கல் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், அந்த மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. திருப்பினா சத்தம் போடுற வண்டியில எழுபது வளைவா!

நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ், பொழைக்கிறது சாஃப்ட்வேர். ஆனா எந்த பக் வந்தாலும் முதல் கேள்வி ஒண்ணுதானே: எப்ப வருது, எப்ப வரலை? அதையே அப்பாகிட்ட கேட்டேன். “வண்டி ஓடுறப்ப வருதா, நின்னுக்கிட்டே திருப்பினாலும் வருதா? எப்படி இருக்கு சத்தம்?” கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “நின்னுக்கிட்டு திருப்பினாலே வருதுடா. டொய்ங்னு, வில்லு விடுபடற மாதிரி” என்றார். அந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிஞ்சுது.

ஏன்னா, திருப்பும்போது வர்ற சத்தம்ங்கறது ஒரே வியாதி இல்லீங்க. முழுசா ஒடிச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சா டக் டக் டக்னு சீரா வந்து, வேகத்துக்குத் தகுந்த மாதிரி கூடுச்சுன்னா அது ஆக்சில் ஜாயின்ட். ஹைவேஸ்ல ஒரு பக்கமா வளையறப்ப மட்டும் ஊம்ம்ம்னு கூடுற இரைச்சல்னா வீல் பேரிங். வளையறப்ப பாரம் எதிர்ப்பக்கம் சாயும், அதனால இடது பக்கம் திரும்பும்போது கத்துனா சந்தேகப்பட வேண்டியது வலது சக்கரத்தை. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டியில கடைசி வரைக்கும் ஒடிச்சா பம்பு கொஞ்சம் முனகத்தான் செய்யும், அதுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேணாம், அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்காம இருந்தா போதும். இந்த மூணுமே நின்ன இடத்துல டொய்ங்னு சத்தம் போடாது.

டொய்ங்குக்குக் காரணம் புரியணும்னா மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்னு ஒரு சமாச்சாரம் தெரியணும். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி நிறுத்துற அமைப்பு. ஏர்ல் மெக்ஃபெர்சன்ங்கற இன்ஜினியர் பேரால வழங்குது. 1950-ல வந்த ஃபோர்டு கான்சல்ல இது இருந்துச்சு. இன்னிக்கு நம்ம ஊர் சின்ன கார்கள்ல முன்னாடி இருக்கறது பெரும்பாலும் இதுதான். இதுல என்ன விசேஷம்னா, நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பினா சக்கரத்தோட சேர்ந்து அந்தத் தூணும் ஸ்பிரிங்கும் கூடவே திரும்பணும். அதுக்காக உச்சியில, பாடியோட சேர்ற இடத்துல ஒரு ரப்பர் மவுண்ட், அதோட ஒரு பேரிங். தூசியும் தண்ணியும் போய் அந்த பேரிங் இறுகிட்டா, ஸ்பிரிங்கோட அடிப்பக்கம் திரும்பும், தலை திரும்பாது. முறுக்கேறிக்கிட்டே வந்து ஒரு கட்டத்துல பட்டுனு விடுபடும். அதான் டொய்ங்.

சனிக்கிழமை ஊருக்குப் போயிட்டேன். நாமக்கல்ல லாரி பட்டறைக்கா பஞ்சம்? அப்பாவுக்குத் தெரிஞ்ச வயசான மெக்கானிக் ஒருத்தர். “அண்ணே, ரேக்கைத் தொடுறதுக்கு முன்னாடி மேல இருக்கற மவுண்டைப் பார்த்துடலாமா?”ன்னேன். “பார்த்துட்டாப் போச்சு கண்ணு”ன்னு பானட்டைத் தூக்கினார். அப்பா உள்ள உட்கார்ந்து மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். அண்ணன் ஸ்பிரிங்கோட வெளிப்பக்கம் விரலை லேசா வச்சுக்கிட்டார் (சுருளுக்கு நடுவுல விரலைக் கொடுத்துடாதீங்க). வலது பக்கம் வழவழன்னு திரும்புது. இடது பக்கம் இழுத்துப் பிடிச்சு, எகிறி, டொய்ங்! எனக்கும் தொட்டுக் காட்டினார். சின்னக் குழந்தை உதைக்கிற மாதிரி கைல தெரியுது.

அடுத்து ரேக்கையும் பார்த்தோம். ஸ்டியரிங்கைக் கொஞ்சமா, அரை இன்ச்சு அரை இன்ச்சு ஆட்டும்போது லொடலொடன்னா அங்க ஆட்டம் இருக்குன்னு அர்த்தம். ஒண்ணும் இல்ல.

நான் பயந்தது பால் ஜாயின்ட்டைத்தான். அதுவும் திருப்பினா கீச்சிடும், ஆனா அது காசு சமாச்சாரம் இல்ல, உசுரு சமாச்சாரம். கழண்டா சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துடும். கொண்டை ஊசி வளைவுல அப்படி ஆனா நினைச்சுப் பாருங்க. வண்டியை ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டு போட்டு, டயர் அடியில கம்பி கொடுத்து நெம்பிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. ஜாயின்ட் மேல இருக்கற ரப்பரும் கிழியல. அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ரெண்டு பக்கமும் மவுண்ட், பேரிங் மாத்தியாச்சு. சாமான் 2,900, கூலி 1,200. ஒரு பக்கம்தான் போச்சு, ஆனா இன்னொண்ணுக்கும் அதே வயசுதானே. இதை வீட்டுல நீங்களே செய்யலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரஸர் இல்லாம உச்சி நட்டைக் கழட்டவே கழட்டாதீங்க. அமுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங் பாய்ஞ்சா ஆளையே அடிச்சுடும். மத்த விஷயத்துல நானும் எல்லாத்தையும் நோண்டுற ஆளுதான், இதுல கையைக் கட்டிக்கிட்டு தள்ளித்தான் நின்னேன்.

ஸ்ட்ரட்டைக் கழட்டி மாட்டினா அலைன்மென்ட் மாறும், அதையும் பார்த்துடணும். ஒரு 400. திருப்பின ஸ்டியரிங் தானா நடுவுக்கு வராம மக்கர் பண்ணிக்கிட்டு இருந்ததும் சரியாயிடுச்சு. அதுவும் பேரிங் வேலைதானாம்! அப்பா அதை என்கிட்ட சொல்லவே இல்ல. “வயசாச்சு, கை வலிக்குதுன்னு நினைச்சேன்டா” என்கிறார் :-)

பழைய பேரிங்கை அண்ணன் என் கைல கொடுத்தார். சுத்தினா மணல் அரைபடுது, துருத்தண்ணி வழியுது. அடியில குனிஞ்சப்ப இடது ஆக்சில் ரப்பர் பூட்டுல விரிசலும் பார்த்திருக்கார். கிரீஸ் இன்னும் வெளிய வரல. இப்பவே விட்டா உள்ள மண்ணு போயி, அடுத்த வருஷம் டக் டக்குக்கு ஆக்சிலே மாத்தச் சொல்லுவாங்க. பூட்டை மட்டும் மாத்தச் சொல்லிட்டு பஸ் ஏறினேன்.