7,100 என்ற சான்றாவணம்

மஞ்சப்பை தைத்துத் தரும் மகளிர் குழு ஒன்று, பாக்கிப் பணம் கேட்டு ஒரு ஜவுளிக்கடை மீது ஈரோட்டில் தொடுத்த வழக்கு அது. கடைக்காரர்கள் பைகளை வாங்கி, வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தும் முடித்துவிட்டார்கள். பணம் கேட்டபோது எதிருரையில் வந்த வாதம் இதுதான்: ‘சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது’ என்று பையில் அச்சிட்டிருப்பது பொய், பொய்ச் சரக்குக்குப் பணம் தர வேண்டியதில்லை.

ஆதாரமாகத் தாக்கல் செய்யப்பட்டது, டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. மூலப்பொருள் விளைவது முதல் பொருள் குப்பையாவது வரை செலவாகும் நீர், எரிசக்தி, வெளியேறும் மாசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் முறை. அதன்படி ஒரு பருத்திப் பை, பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 7,100 முறை பயன்பட வேண்டும்.

“அப்ப நாங்க ஊரை ஏமாத்திட்டோமுங்களா சார்?” என்று அவர்களின் வழக்கறிஞரான என்னிடம் கேட்டார் குழுத் தலைவி. கடனுக்குத் துணி எடுத்துத் தைத்தவர்கள். பணம் நின்றதைக் காட்டிலும் ‘பொய்’ என்ற பேச்சு அவர்களைச் சுட்டுவிட்டது. அதனாலேயே அந்த அறிக்கையை வரி விடாமல் படித்தேன்.

எல்லாப் பாதிப்புகளிலும் மிக மோசமானதான ஓசோன் படலச் சிதைவை வைத்து வந்த எண் 7,100. பருவநிலை மாற்றத்தை மட்டும் எடுத்தால், அதே அறிக்கையில் அதே பைக்கு 52 முறை போதும். எதிருரையில் 52ஐக் காணோம்.

எதிர்த்தரப்பு நிபுணர் நேர்மையானவர். குறுக்கு விசாரணையில் எதையும் மறைக்கவில்லை.

“இந்தக் கணக்கில் பிளாஸ்டிக் பை கடைசியில் எங்கே போகிறது?”

“குப்பைத் தொட்டிக்கு ஒருமுறை உறையாகிறது. பிறகு மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் எரி உலைக்கு.”

“இங்கே ஈரோட்டில் காளிங்கராயன் வாய்க்காலில் விழும் பைக்கு இதில் கணக்கு உண்டா?”

“இல்லை. வீசியெறியப்படும் குப்பை இதில் சேரவில்லை.”

டென்மார்க் கடையிலிருந்து வீடு வரை 22 லிட்டர், 12 கிலோ மளிகையை ஒருமுறை சுமப்பது. அதுதான் அங்கே அளவுகோல். அந்த நாட்டுக்கு அது சரியான ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஈரோட்டுச் சந்தைக்கு அதை அப்படியே தீர்ப்பாக்க முடியாது என்பதே என் வாதம். ஐஎஸ்ஓ 14044 தரநிலையும் இதில் கண்டிப்பானது: இரு பொருளை ஒப்பிட்டு ஊரறியச் சொல்வதானால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக வைத்து அளக்க வேண்டும், வெளி நிபுணர் குழு சரிபார்க்கவும் வேண்டும்.

ஆனால் எங்கள் பையின் வாசகத்தையும் நான் முழுதாக ஆதரிக்கவில்லை. பருத்தி தண்ணீர் குடித்து வளர்கிறது, சாயம் கழிவாகிறது. கல்யாணத்தில் வாங்கி ஆணியில் மாட்டியே வைத்த பை 52ஐக்கூட எட்டாது. இதைக் கட்சிக்காரர்களிடம் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். ‘பசுமை’, ‘தீங்கற்றது’ போன்ற பொத்தாம்பொதுவான விளம்பரங்களுக்கு ஆதாரமும் விளக்கமும் கேட்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் பிறகு, 2024 அக்டோபரில் வந்தது.

தீர்ப்புக்கு முன்பே சமரசமானது. கடை பாக்கியைக் கொடுத்தது. குழு அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, ‘துவைத்து, கிழியும்வரை பயன்படுத்துங்கள்’ என்று அச்சிடத் தொடங்கியது.