கோலிக்கு மேலே ஒரு ரப்பர் வளையம்

வெளிநாடுகளில் நிறைய பேர் வீட்டிலேயே பீர் தயாரித்து, பாட்டிலில் அடைத்து, கேஸ் போகாமல் மூடி போடுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாம அதைச் செய்தால் நேரா ஸ்டேஷன்தான். நம்ம தர்மபுரிக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-ல். அப்போது தர்மபுரி சேலத்தோடுதான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965-ல்.

அதனால் மக்களே, பீரை விடுங்க. கேஸ் அடைத்த வேறொரு பாட்டிலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கோலி சோடா!

எங்க மாமா பென்னாகரம் பக்கம் சோடா போடுகிறார். நான் பி.காம் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு நோட்டு என்னிடம். போன கோடையில் அவர் கேட்டார்: "மாப்ள, பாதி சரக்கு கேஸ் இல்லைன்னு திரும்பி வருது. இதை ஏறக்கட்டிட்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறிடலாமா? கணக்குப் போட்டுச் சொல்லு."

கணக்குப் போடும் முன், கேஸ் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமே.

இந்த பாட்டில் 1872-ல் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை வாங்கியது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளம், அதில் ஒரு ரப்பர் வளையம். தண்ணீர் ஊற்றி, மிஷினில் மாட்டி, கேஸ் ஏற்றிக்கொண்டே தலைகீழாகச் சுற்றுவார்கள். கோலி வாய்ப்பக்கம் உருண்டு வந்து வளையத்தில் உட்காரும். நிமிர்த்தினாலும் விழாது. உள்ளே இருக்கும் கேஸே அதை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

சோடா மூடி என்று நாம் சொல்லும் தகர மூடி வேறு வகை. அது 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கியது. இப்போது அதற்கு 21 பல். அந்தப் பற்கள் வெளியிலிருந்து கண்ணாடியைக் கவ்வி, கேஸை வெளியே விடாமல் தடுக்கும். அதாவது தகர மூடி கேஸோடு மல்லுக்கட்டுகிறது. கோலியோ கேஸையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கேஸ் கூடக்கூட அடைப்பு இறுகும்.

வீட்டு பீருக்குக் கோலி சரிப்படாது என்பதும் இதனால்தான். அதில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மெதுவாக, நாள் கணக்கில் கேஸ் உண்டாக்கும். முதல் நாளே அழுத்தம் இல்லாவிட்டால் கோலி மேலே நிற்காது.

சரி, மேட்டருக்கு வருவோம். கோலியில் ஒரு வசதி. அடைப்பு போனால் கோலி தானாகவே கீழே விழுந்துவிடும். தகர மூடி பாட்டிலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். இதில் பெட்டியை எட்டிப் பார்த்தாலே போதும். ஒரு நாள் சாயங்காலம் போட்ட 200 பாட்டிலை மறுநாள் காலையில் எண்ணினேன். 17-ல் கோலி விழுந்திருந்தது. அதில் 11-ல் வளையம் வெயிலில் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நாலில் வாய் விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தது. மீதி இரண்டில் வளையத்துக்கும் கோலிக்கும் நடுவே மண். கேஸில் குறையே இல்லை.

வளையங்களை மாற்றினோம். சில்லு பெயர்ந்ததை ஒதுக்கினோம். கழுவும்போது பள்ளத்துக்குள்ளும் பிரஷ் விட்டோம். கேஸ் ஏற்றுவதை விடியற்காலைக்கு மாற்றினோம். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு கேஸ் கரையும். 20 டிகிரி தண்ணீரில் கரைவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு 0 டிகிரியில் கரையும். அடுத்த முறை 200-க்கு விழுந்தது 4.

இப்போது கணக்கு. பிளாஸ்டிக் பாட்டிலும் மூடியும் ஒவ்வொரு முறையும் செலவு. கோலி பாட்டில் சொத்து. திரும்பி வரும் வரை தேய்மானம்தான், வளையம் அதன் பராமரிப்பு. ஆனால் "திரும்பி வரும் வரை" என்ற மூன்று வார்த்தையில்தான் வியாபாரமே இருக்கிறது. கடையில் நின்று குடித்தால் பாட்டில் வரும். பஸ்ஸில் ஏறினால் போச்சு.

நோட்டில் ஏறாத செலவு ஒன்றும் உண்டு. மாமாவின் இடது கையில் ஒரு நீளத் தழும்பு. வெடித்த பாட்டில். கண்ணாடியில் கீறல் இருந்தால், அடைப்பு நன்றாக இருப்பதே ஆபத்து. வளையம் வாங்கிய காசோடு கூடவே கனமான கையுறையும் முகக் கவசமும் வாங்க வைத்தேன். "இதெல்லாம் எந்தக் கணக்குல எழுதுவ?" என்றார். மூலதனம் என்றேன். சிரித்தார்.

என் முடிவை எழுதியே கொடுத்துவிட்டேன். பக்கத்துக் கடைகளுக்குக் கோலி, பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் பிளாஸ்டிக். ஒரு வருஷம் கழித்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2017-ல் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்க மாட்டோம் என்று அறிவித்தபோது உள்ளூர் சோடாவுக்கு ஒரு மவுசு வந்தது. அப்படிப்பட்ட அலையை நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது. தினமும் காலையில் எத்தனை கோலி விழுந்திருக்கிறது என்று எண்ணித்தான் நடத்த முடியும்.

டிஸ்கி: படித்துவிட்டு வீட்டில் கேஸ் சிலிண்டரோடு விளையாடாதீங்க. சோடா வேணும்னா பென்னாகரம் வாங்க, குடிச்சிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுங்க!