மூடி திறந்த பிறகு

நாவல் எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். புகழ்ந்து வருபவை முதல் வகை. அவற்றை மனைவியிடம் படித்துக் காட்டலாம். வைது வருபவை இரண்டாம் வகை. அவற்றை மனைவி நமக்குப் படித்துக் காட்டுவாள். மூன்றாம் வகைக் கடிதம், சத்தம் போடாமல் ஒரு பிழையைச் சுட்டிக் காட்டிவிட்டு, "தங்கள் நலம் நாடும்" என்று முடியும். அதை யாருக்கும் படித்துக் காட்ட முடியாது. சட்டைப் பையிலேயே இருந்து உறுத்திக்கொண்டிருக்கும்.

கைபேசியில் கட்டை விரலாலேயே அபிப்பிராயம் சொல்லி முடித்துவிடும் இந்த நாளில், மண்ணாடிப்பட்டிலிருந்து நீல மசியில் எழுதிய ஒரு கடிதம் எனக்கு வந்தது. எழுதியவர் ஓர் அம்மாள்.

"ஐயா, உங்கள் நாவலின் நாயகன் புடாபெஸ்ட் நகரத்து ஓட்டலில் ஹங்கேரிக் கோழிக் குழம்பு சாப்பிடுகிறான். முதல் வாயிலேயே நாக்கில் தீப்பற்றியது, கண்ணில் நீர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைச் சாப்பிட்டதில்லை என்று தெரிகிறது. அது காரமாக இருக்காது. பின்பக்கத்தில் செய்முறை எழுதியிருக்கிறேன். செய்து பார்க்கவும். தங்கள் நலம் நாடும்..."

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் ஹங்கேரிக்குப் போனதில்லை. எங்கேயோ ஒரு படத்தில் அந்தக் குழம்பைப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது. குழம்பு சிவப்பாக இருந்தால் காரமாகத்தான் இருக்கும் என்பது தமிழனுக்குத் தாய்ப்பாலோடு வந்த ஞானம். அந்த ஞானத்தைக் கொண்டு ஒரு வாக்கியம் எழுதினேன். பல பேர் பாராட்டவும் செய்தார்கள்.

செய்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. கோழி, வெங்காயம், சிவப்பு மிளகாய்த் தூள், ஒரு தக்காளி, ஒரு குடமிளகாய், கடைசியில் பாலாடை கலந்த கெட்டித் தயிர் என்று கடிதத்தில் இருந்தது. அப்படியே எல்லாவற்றையும் குக்கரில் போட்டு, கடைசியில் தயிரையும் ஊற்றி, மூடினேன். குக்கர் என்பதே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டுப் பத்திரிகை படிப்பதற்காக ஏற்பட்ட சாதனம் அல்லவா?

திறந்து பார்த்தபோது தயிர் திரிந்து, வெள்ளை வெள்ளையாகச் சிறு கட்டிகள் சிவப்புத் தண்ணீரில் மிதந்தன. கோழி பாவம், தன் பங்குக்கு வெந்திருந்தது. உடனே உட்கார்ந்து, "தங்கள் செய்முறையில் பிழை இருக்கிறது" என்று அம்மாளுக்கு எழுதினேன். மூன்றாம் வகைக் கடிதத்துக்கு மூன்றாம் வகைப் பதில்.

நாலே வரியில் மறுகடிதம் வந்தது: "கடைசியில் என்றால் மூடி திறந்த பிறகு. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நாட்டுக்கோழி இருக்கிறது."

புதுச்சேரியில் திருக்கனூர் பஸ் ஏறினேன். வில்லியனூர் தாண்டி, பத்துக்கண்ணு தாண்டி, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே பஸ் போயிற்று. புதுச்சேரிப் பிரதேசம் ஒரே துண்டாகக் கிடக்கும் நிலமல்ல. தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிப் பிணைந்து கிடக்கிறது. இந்த வயல் புதுச்சேரி, அந்த வயல் விழுப்புரம் மாவட்டம் என்று அரசாங்கம் மாறிக்கொண்டே வரும். பயிருக்கு மட்டும் அது தெரியாது.

ஒரு காலத்தில் இவை இரண்டு தேசங்களின் எல்லைகள். 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று 170 பேர் வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்டு 16. அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே நீடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் அம்மாளின் மாமனார் ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய மகனும் அதே பட்டாளத்துக்குப் போனார். மண்ணாடிப்பட்டில் "சொல்தா வீடு" என்று கேட்டதும் ஒரு சிறுவன் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனான்.

அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். "வாங்க ஐயா. தயிர் திரிஞ்சதுக்குக் கோவிச்சுக்கிட்டு வரமாட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார். நேரே அடுப்படிக்கே அழைத்துப் போய், நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். என்னை நம்பி மறுபடியும் காகிதத்தில் எழுதிக் கொடுக்க அவர் தயாராக இல்லை போலும்.

இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, வெண்ணெயும் எண்ணெயும் விட்டு, நிறம் மாறாமல் நிதானமாக வதக்கினார். வெங்காயம் குழைந்ததும் அடுப்பை அணைத்தார். காஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இந்தப் பொடி போடும்போது தீ இருக்கக் கூடாது. இதுல இனிப்பு உண்டு. சட்டுனு கருகிடும். கருகினா கசக்கும்" என்று சொல்லி, டப்பாவிலிருந்து மூன்று கரண்டி செம்பொடியைப் போட்டுக் கிளறினார். பிரான்சிலிருக்கும் மகன் அனுப்பியதாம். அது கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயை விதையும் நரம்பும் நீக்கி அரைத்துக்கொள்ளலாமாம். மிளகாயின் காரமெல்லாம் உள்ளே இருக்கும் அந்த வெள்ளை நரம்பில்தான் இருக்கிறது.

பாப்ரிகா என்ற அந்தப் பொடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. மிளகாய் நமக்கும் சொந்தமல்ல, ஹங்கேரிக்கும் சொந்தமல்ல. இரண்டுக்கும் அமெரிக்காதான் தாய்வீடு. நமக்குப் போர்ச்சுகீசியர் கொண்டு வந்தார்கள். ஹங்கேரிக்கு அது துருக்கியர் வழியாகப் போயிற்று. நாம் அதன் காரத்தை வளர்த்தோம். அவர்கள் அதன் நிறத்தையும் இனிப்பையும் வளர்த்தார்கள். ஸெகெத் என்ற ஊரில் ஆல்பெர்ட் ஸென்ட் ஜியார்ஜி என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஒருநாள் இரவு மனைவி வைத்த மிளகாயைச் சாப்பிட மனமில்லாமல், அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அதில் சி வைட்டமின் குவிந்து கிடந்தது. 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனைவி வைத்ததைச் சாப்பிடாமல் எழுந்து போன கணவன்மாருக்கு வேறு எந்தக் காலத்திலும் இப்படிப்பட்ட மரியாதை நடந்ததாகத் தெரியவில்லை.

கோழித் துண்டுகளைச் செம்பொடியில் புரட்டி, தக்காளியும் குடமிளகாயும் சேர்த்து, உப்புப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, அம்மாள் குக்கரை மூடினார். "கறிக்கடைக் கோழியா இருந்தா ரெண்டு விசில் போதும். இது வயசான நாட்டுக்கோழி. ஆறு விசில் வேணும்" என்றார்.

குக்கரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மூளையில் உதித்ததுதான். டெனி பாப்பேன் என்பவர் 1679-ல் லண்டனில் இருந்தபோது, கெட்டி மூடி போட்ட பாத்திரத்துக்குள் ஆவியை அடைத்து, எலும்பைக் கூட மெத்தென்று வேகவைத்துக் காட்டினார். ஆவி மிஞ்சினால் வெளியேறுவதற்கு ஒரு வழியும் செய்து வைத்தார். பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றி ஐந்து வருஷந்தான் ஆகியிருந்த சமயம் அது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. ஆவியை அடைத்துவிட்டால் 120 டிகிரி வரை ஏறும். கிழட்டுக் கோழியும் பணிந்துவிடும். ஆனால் அந்தச் சூட்டில் புளித்த பாலாடை தாக்குப் பிடிக்காது. புளிப்பும் சூடும் சேர்ந்து பாலின் சத்தை இறுக்கிக் கட்டியாக்கிவிடும். என் வீட்டில் மிதந்தது அதுதான்.

ஆறாவது விசில் வந்தது. அடுப்பை அணைத்தார். நான் எழுந்து, வெயிட்டைக் கரண்டியால் நெம்பி ஆவியை விடப் போனேன். வீட்டில் அப்படித்தான் பழக்கம்.

"விடுங்க ஐயா. தானா அடங்கட்டும். பத்து நிமிஷம் ஆகும்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

1979-ல் கல்யாணமாகிப் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு புறநகருக்குப் போனார். நாலாவது மாடி. கணவருக்குப் பட்டாளத்தில் வேலை. பாதி நாள் வெளியூர். அடுத்த வருஷக் குளிர்காலத்தில் முதல் பிரசவம். குழந்தை தங்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்து படுத்தவதான். எழுந்திருக்கலை. அவரும் ஊர்ல இல்லை. அக்கம்பக்கத்துல ஒரு சுடுகுஞ்சு தெரியாது. மேல் மாடியில ஒரு ஹங்கேரிக்காரம்மா இருந்தாங்க. படியில பார்த்தா தலை அசைப்பாங்க, அவ்வளவுதான். அவங்க கதவைத் தட்டினாங்க. கையில ஒரு இரும்புச் சட்டி. நான் பேசின பிரெஞ்சும் அரைகுறை, அவங்க பேசினதும் அரைகுறை. ஒண்ணுமே கேட்கலை. தட்டுல போட்டு முன்னால வெச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க.

"சிவப்பா இருக்கவும் நம்ம ஊர்க் குழம்பு மாதிரி உறைக்கும்னு நினைச்சேன். வாயில வெச்சா இனிச்சுது. அப்பத்தான் ஐயா அழுதேன். அதுவரைக்கும் அழலை."

பன்னிரண்டு நாள் அந்த அம்மாள் வந்தாராம். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்மைப் பற்றியும் சொல்லவில்லை. வெகு மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. 1956 அக்டோபரில் ஹங்கேரியில் மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள். நவம்பர் 4-ஆம் தேதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தன. அதையடுத்து நாட்டைவிட்டு ஓடிய ஏறக்குறைய 2 லட்சம் பேரில் அவர் ஒருவர். தாயாரிடம் சொல்லிக்கொள்ளக் கூட நேரமில்லை. பிறகு தாயார் இறந்தபோது போகவும் முடியவில்லை. இந்தக் குழம்பு அந்தத் தாயார் வைத்தது.

"நான் குக்கர்ல வெக்கிறதைப் பார்த்துச் சிரிப்பாங்க. அங்கே கொக்கோத்-மினுத்னு ஒரு குக்கர். நம்ம ஊர்க் குக்கர் மாதிரி கூவாது, பாம்பு மாதிரி சீறும். 'எதுக்கு இத்தனை அவசரம்?'னு கேப்பாங்க. ஆனா பாலாடையை மட்டும் மூடி திறந்த பிறகு, அவங்க கண் முன்னாலதான் ஊத்தணும். அதுல விட்டுக் கொடுக்க மாட்டாங்க. அவங்க போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கதை எழுதுகிறவனின் நாக்கு. குழந்தை ஆணா பெண்ணா? பேர் வைத்தார்களா? இவர் ஹங்கேரிக்காரம்மாளிடம் எப்போது, எந்த வார்த்தையில் அதைச் சொன்னார்? இத்தனையும் தெரிந்தால் ஒரு நாவலுக்குப் போதும். கேட்கத்தான் வாயெடுத்தேன். அம்மாள் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆவி வரவில்லை.

கேட்கவில்லை. வெயிட்டை நெம்பித் திறப்பதே என் தொழில் என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் உறைத்தது.

மூடியைத் திறந்தார். ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் பாலாடையும் கலந்து, அதில் இரண்டு சிட்டிகை சர்க்கரையும் ஒரு கரண்டி மைதாவும் போட்டுக் கட்டியில்லாமல் அடித்து வைத்திருந்தார். அதிலே சூடான குழம்பை முதலில் ஒரு கரண்டி, பிறகு ஒரு கரண்டி விட்டுக் கலக்கினார். "பாலாடைக்குச் சூடு பழகணும்" என்றார். பிறகு அதைக் குக்கரில் ஊற்றி, கொதி வராமல் சின்னத் தீயில் நாலு நிமிஷம் வைத்தார். சிவப்பு மெல்ல மெல்ல மாறி, அந்தி வானத்து நிறத்துக்கு வந்தது. ஒரு கட்டி இல்லை. மைதாவும் முட்டையும் பிசைந்து, கொதிக்கும் தண்ணீரில் கிள்ளிப் போட்டு எடுத்த குட்டிக் கொழுக்கட்டைகளோடு தட்டில் போட்டுக் கொடுத்தார்.

சாப்பிட்டேன். காரமே இல்லை. வெங்காயத்தின் இனிப்பும், தயிரின் லேசான புளிப்பும், எங்கோ தூரத்தில் மிளகாயின் வாசனையும் இருந்தன. விடைபெறும்போது, இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. என் பேரைப் போடாதீங்க. தீயையும் போடாதீங்க" என்றார்.

மனைவி ஊரிலிருந்து திரும்பியதும் நானே செய்து வைத்தேன். மூடி திறந்த பிறகுதான் பாலாடை ஊற்றினேன். திரியவில்லை. அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இதிலே காரமே இல்லையே, இதற்கா கண் கலங்குகிறீர்கள்?" என்றாள்.

வெங்காயம் அரிந்ததைக் காரணம் சொன்னேன்.

சென்ற மாதம் அந்த நாவலின் மறுபதிப்புக்காக அச்சுப்படிகள் வந்தன. புடாபெஸ்ட் ஓட்டல் வரும் பக்கத்தை எடுத்தேன். "நாக்கில் தீப்பற்றியது" என்ற சொற்களை அடித்தேன். "கண்ணில் நீர் வந்தது" என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.