பாடு

நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் ஒரு பெண் கன்னியர் மடத்துக்குள் நுழைந்தால், அவள் காதலில் தோற்றவளாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளை முக்காடு, கோயில் மணியோசை, கன்னத்தில் வழியும் கண்ணீர். அத்தோடு கதை முடிந்துவிடும். உண்மையில் கதை தொடங்குகிற இடமே அதுதான். முக்காடு அணிந்த பிறகு அந்தப் பெண் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்கிறாள். அந்த ஆண்டுகளை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கத்தோலிக்கக் கன்னியர் கொடுக்கும் வார்த்தைப்பாடுகள் மூன்று: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். முதல் இரண்டும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும். நகை இல்லை, பட்டு இல்லை. கணவன் இல்லை, குழந்தை இல்லை. 'எப்பேர்ப்பட்ட தியாகம்!' என்று வியந்துவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. மூன்றிலும் கடினமானது அதுவே என்பது எனக்குப் பழவேற்காட்டுப் பக்கம் போனபோது விளங்கிற்று.

மீஞ்சூரையும் பொன்னேரியையும் தாண்டிப் போனால் வருவது பழவேற்காட்டு ஏரி. போர்த்துகீசியர் வந்தார்கள், மகிமை மாதா கோயில் எழுந்தது. டச்சுக்காரர்கள் வந்து 1613-இல் கோட்டை கட்டினார்கள். இன்று அவர்கள் கல்லறைகள் மிஞ்சி நிற்கின்றன. யார் வந்தாலும் போனாலும் மீனவர் மட்டும் ஏரியை விட்டுப் போகவில்லை. அவர்களிடையே 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. எவர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடாது. கெட்ட இடமும் ஒருவர் தலையிலேயே நிரந்தரமாக விழாது.

குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த வயதான கன்னியர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "இதுவரை எத்தனை ஊர் மாறியிருப்பீர்கள், சிஸ்டர்?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர், பதினொன்றில் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"போவது ஒன்றும் கஷ்டமில்லை சார். ஒரே ஒரு பெட்டிதானே! புது ஊருக்குப் போய் ஒரு மாதம் வரைக்கும், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பழைய ஊர்ப் பிள்ளைகள் பெயர்தான் வாயில் வரும். அதுதான் கொஞ்சம்..." என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

கன்னியருக்கும் ஒருவகையில் பாடுதான். எந்த ஊரில் வலை கட்டுவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். மீனவர் அன்று பிடித்ததை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். கன்னியரோ பிடித்ததையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார். எழுத்துக் கற்ற குழந்தை பெரியவளாகி, நர்ஸாகவோ ஆசிரியையாகவோ வந்து நிற்பதைப் பார்க்க அவர் அந்த ஊரில் இருக்கமாட்டார்.

'இப்படிச் சொன்ன இடத்துக்கெல்லாம் போவது, அறிவை அடகு வைப்பதாகாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லும் ஒரு வாழ்க்கை நம் தமிழ் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

பிரான்சில் நான்த் நகரத்தில் 1839-இல் பிறந்தவர் எலேன் த ஷப்போத்தேன். 1864-இல் ஒரு துறவு சபையில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த புதிய பெயர் 'பாடுகளின் மரியா'. மறு ஆண்டே மதுரை மிஷனுக்குப் போகும்படி உத்தரவு வந்தது. சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம். புறப்பட்டு வந்தார். 1867-இல், இருபத்தெட்டு வயதில், இங்கிருந்த சபை மடங்களுக்கெல்லாம் தலைவியானார். பிறகு சபைக்குள் பிணக்கு முற்றியது. 1876-இல் அவரையும் சேர்த்து இருபது கன்னியர் சபையைவிட்டுப் பிரிந்து உதகமண்டலத்தில் கூடினார்கள்.

கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தவர், கொடுத்த இடத்தையே விட்டு வெளியேறினார். அந்த இரவுகளில் அவர் தூங்கியிருப்பாரா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் அவர் தம் இஷ்டப்படி கொடி உயர்த்திவிடவில்லை. ரோமாபுரிக்குப் போய் முறையிட்டார். 1877 ஜனவரி 6-ஆம் தேதி புதிய சபைக்கு அனுமதி கிடைத்தது. அது பின்னர் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியர் சபை ஆயிற்று. 1883-இல் அவரையே தலைமைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். ஒதுங்கி நின்றார். விசாரணைக்குப் பிறகு 1884-இல் பதவி திரும்ப வந்தது. எப்போது நிமிர வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்று பிரித்தறிவதற்கு, அடகு வைக்காத அறிவு அல்லவா வேண்டும்? 1904-இல் அவர் மறைந்தபோது சபையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கன்னியர் இருந்தனர். சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை 1947-இல் முப்பத்திரண்டு மாணவிகளோடு தொடங்கியது அந்தச் சபைதான். அந்த முதல் மாணவிகளை அவர் பார்க்கவில்லை.

அன்னை தெரசாவை உலகம் நோயாளிகளின் தாயாக அறியும். அதற்கு முன் அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கல்கத்தாவில் பள்ளி ஆசிரியை. 1946-இல் ஏழைகளிடையே போய் வாழ வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டும், அனுமதி வரும்வரை 1948 வரைக்கும் காத்திருந்தார். வெளியே வந்து மோத்திஜீல் சேரியில் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கரும்பலகை இல்லாமல் குச்சியால் தரையில் எழுத்து எழுதிக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. 1949-இல் அவருடன் முதன்முதலாக வந்து சேர்ந்தவர் அவருடைய பழைய மாணவி. விட்டுவந்த பிள்ளைகள் தேடி வந்து சேரும் பாக்கியம் எல்லாக் கன்னியருக்கும் கிடைப்பதில்லை.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தாய்கூட வீட்டில் இருந்தபடி அவள் வரவை எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்து நிற்க ஒரு வாசல்கூட இல்லாதவர் கன்னியர். தியாகம் என்று ஒரு வார்த்தையில் புகழ்ந்து முடித்துவிட்டால் நம் கடன் தீர்ந்துவிடுமா? நமக்கோ நம் பெண்ணுக்கோ எழுத்தறிவித்த ஒருவர் இன்று எந்த ஊர் மடத்தில் இருக்கிறார் என்று விசாரித்து, 'உங்களிடம் படித்தவள் நன்றாக இருக்கிறாள்' என்று இரண்டு வரி எழுதிப் போடலாம். அவருடைய ஏழ்மை விரதத்துக்கும் அதனால் பங்கம் வராது.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. முக்காட்டையும் மணியோசையையும் கொஞ்சம் விட்டுவிடலாம். கட்டி வைத்த ஒரு பெட்டியும், வேறொருவர் கைக்கு மாறப்போகும் ஒரு வருகைப் பதிவேடும் போதும்.