நடந்தே ஜயித்தார்கள்!

அமெரிக்கா என்றதும் நம் கண்முன் என்னென்னவோ வந்து நிற்கிறது. வானத்தை எட்டிப் பிடிக்கும் கட்டடங்கள், வீட்டுக்கு இரண்டு கார், ஸ்விட்சைத் தட்டினால் துணி துவைத்துத் தரும் யந்திரம்! அப்பேர்ப்பட்ட தேசத்தில், பஸ்ஸில் ஓர் ஆசனத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள் என்றால் சட்டென்று நம்ப முடிகிறதா? ஆனால் அது நடந்தது. நடந்தவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். அதிலும், பிறர் வீட்டில் சமைத்தும் துவைத்தும் குழந்தை பார்த்தும் பிழைத்தவர்கள்.

மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 26 வயதுப் பாதிரியாராக இருந்த அவரை உலகத்துக்கு அறிமுகம் செய்து வைத்ததே இந்தப் பஸ் பகிஷ்காரம்தான். ஆனால் அவர் மேடை ஏறுவதற்கு முன்பே மேடையைப் போட்டு வைத்த பெண்கள் சிலர் உண்டு.

அலபாமா ராஜ்யத்தின் தலைநகர் மாண்ட்கோமரி. 1955-ல் அந்த ஊர்ப் பஸ்களில் முதல் 10 ஆசனங்கள் வெள்ளையருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. பின்பக்கம் கறுப்பு இனத்தாருக்கு. நடுவிலும் அவர்கள் உட்காரலாம். ஆனால் வெள்ளையர் ஒருவர் நிற்க நேர்ந்தால் போதும், அந்த வரிசையில் இருக்கும் நாலு பேரும் எழுந்து பின்னால் போக வேண்டும். முன் வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் பின் வாசல் வழியாக ஏறச் சொல்லும் டிரைவர்களும் உண்டு. அவர்கள் பின் வாசலை எட்டுவதற்குள் பஸ் புறப்பட்டுப் போய்விடுவதும் உண்டு! இத்தனைக்கும், பஸ்ஸில் போனவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கறுப்பு இனத்தார்தான்.

அந்த ஊர்க் கல்லூரியில் இங்கிலீஷ் போதித்தவர் ஜோ ஆன் ராபின்ஸன். 1949 கிறிஸ்துமஸ் லீவுக்குப் புறப்பட்டவர், காலியாகக் கிடந்த பஸ்ஸில் சற்று முன்னால் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அடிக்க வருவதுபோல் வந்து கத்தவே, அழுதுகொண்டே இறங்கிப் போனார். அழுததோடு அவர் நின்றுவிடவில்லை. ஊரிலிருந்த மாதர் அரசியல் கவுன்சிலுக்குத் தலைமை வகித்தார். 1954 மே மாதம் மேயருக்கு ஒரு கடிதம் எழுதி, நிலைமை திருந்தாவிட்டால் பஸ்களைப் பகிஷ்கரிக்கும் யோசனை ஊரில் இருப்பதாக மரியாதையாகவே தெரிவித்தார். மேயர் அசைந்து கொடுக்கவில்லை.

1955 மார்ச் 2-ம் தேதி 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின், எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். டிசம்பர் 1-ம் தேதி ரோஸா பார்க்ஸ் கைதானார். வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரி எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள் என்று இந்தச் சம்பவத்தைச் சொல்வது வழக்கம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. 42 வயதான அந்த அம்மாள் 1943-லிருந்தே உள்ளூர் உரிமைச் சங்கத்துக்காகக் காரியதரிசி வேலை பார்த்தவர். களைப்பு உடம்பில் அல்ல, பணிந்து பணிந்து போன மனத்தில்தான் என்று அவரே பின்னால் விளக்கியிருக்கிறார்.

அன்று இரவு ராபின்ஸன் தூங்கவில்லை. கல்லூரிக்குப் போய், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, விடிய விடியப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்தார். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள் என்பதே செய்தி. டிசம்பர் 5-ம் தேதி பஸ்கள் வெறிச்சோடிப் போயின. ஒரு நாளைக்கு என்று ஆரம்பித்தது 381 நாள் நீடித்தது.

வசதியுள்ளவர்கள் தங்கள் கார்களைக் கொடுத்து உதவினார்கள். ஆனால் காருக்குப் பெட்ரோல் வேண்டுமே, பணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரம்மாள் வருகிறார். சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் கோழி வறுவலும் செய்து விற்றார். வாங்கினவர் பெயரோ செய்தவர் பெயரோ வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே தம் குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த கிளப்' என்று பொருள்படப் பெயர் வைத்தார். பணம் யார் கொடுத்தது என்று கேட்டால், "எங்கிருந்தோ வந்தது!" கோர்ட்டில் துணிந்து சாட்சி சொன்னதற்காக அவருக்கு வேலை போயிற்று. அம்மாள் கலங்கவில்லை. வீட்டிலேயே சமையல் வியாபாரம் ஆரம்பித்தார். கிங் முதலானவர்கள் அங்கே வந்து சாப்பிட்டார்கள்.

இந்தக் கதையை ஒரு நாள் எங்கள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை கேக் விஷயத்தை ரசித்துக் கேட்டாள். பிறகு, "அது சரி, வேலைக்காரி வராமல் போனால் அந்த வீட்டு எஜமானிகள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டாள்.

"காரை எடுத்துக்கொண்டு போய்த் தாங்களே அழைத்து வந்தார்கள், அத்தை. மேயர் அதைச் செய்யாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். 'அப்படியானால் மேயரே வந்து சமைத்துத் துவைத்து என் குழந்தையையும் பார்த்துக்கொள்ளட்டும்' என்று சிலர் சொன்னார்களாம்."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "ஏண்டி, காரில் அழைத்து வந்தது நியாயத்துக்காகவா, பாத்திரத்துக்காகவா?" என்றாள்.

நியாயத்துக்காக அழைத்து வந்தவர்கள் சிலர் நிச்சயமாக இருந்தார்கள். மற்றவர்களுக்குப் பாத்திரம்தான் என்று எனக்கும் தோன்றிற்று. நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "கடைசியில் அவர்களுக்குச் சம்பளம் கூடிற்றா?"

பத்து புத்தகம் படித்தவர்களுக்கும் சட்டென்று தோன்றாத கேள்வி இது. பஸ் விஷயத்தில் ஜயம் கிடைத்தது வாஸ்தவம். கோல்வின் உள்பட நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில், பஸ்ஸில் இனப் பாகுபாடு செல்லாது என்று 1956 நவம்பர் 13-ம் தேதி சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. டிசம்பர் 21-ம் தேதி கறுப்பு இனத்தார் இஷ்டப்பட்ட ஆசனத்தில் உட்கார்ந்து போனார்கள். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்கள் நுழைந்த சமையலறை மாறவில்லை. 1938-ல் அமெரிக்க சர்க்கார் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டு வந்தபோது வீட்டு வேலை செய்பவர்கள் அதில் சேரவில்லை. அவர்களைச் சேர்த்தது 1974-ல்! பஸ் ஆசனம் கிடைத்த பிறகும் 17 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையைத் தரும் 1935-ம் வருஷத்து மத்தியச் சட்டத்திலோ, அவர்களுக்கு இன்றும் இடமில்லை.

காரணம் தெளிவானதுதான். பஸ் நடுத்தெருவில் ஓடுகிறது. அங்கே நடக்கும் அநியாயத்தை உலகம் பார்க்கிறது. வீட்டு வேலை கதவுக்குப் பின்னால் நடக்கிறது. பத்து வீட்டில் பத்துப் பேர் தனித்தனியே வேலை செய்யும்போது, ஒருத்தி பட்ட கஷ்டம் இன்னொருத்திக்குத் தெரிவதில்லை.

அட்லாண்டா நகரத்து டாரதி போல்டன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். தனித்தனி வீடுகளில் இருப்பவர்களை எங்கே சந்திப்பது? அவர்கள் எல்லோரும் காலையிலும் மாலையிலும் ஒன்றாகக் கூடும் இடம் ஒன்றே ஒன்று: பஸ்! போல்டன் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, பக்கத்து ஆசனத்துப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார். 1968-ல் வீட்டு வேலைக்காரர் சங்கம் பிறந்தது. அதில் சேர ஒரு நிபந்தனை வைத்தார்: வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். 1965-ம் வருஷத்து வாக்குரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்து வைத்திருந்தது. எஜமானியிடம் தனியாகக் கேட்டால் காதில் விழாத கோரிக்கை, ஆயிரக்கணக்கான வோட்டுகளோடு சேர்ந்து கேட்டபோது அரசியல்வாதிகளின் காதில் நன்றாகவே விழுந்தது.

அட்லாண்டா பஸ்களிலும் ஒரு காலத்தில் மாண்ட்கோமரியைப் போன்ற பாகுபாடு இருந்ததுண்டு. அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வீட்டில் என்ன சம்பளம் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். சட்டம் அதற்குப் பின்னால்தான் மெதுவாக வந்தது.