மறுபாதியின் அளவு

பனியன் வெட்டக் கற்பவர் காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி அளவையே வரைகிறார். வெட்டி விரித்தால் இடமும் வலமும் ஒத்திருக்கும். திருப்பூர் அறிந்த இந்த எளிய கணக்கே இன்று மனிதரின் மண்டையோட்டையும் சீரமைக்கிறது.

சாலை விபத்தில் தலை அடிபட்டு மூளை வீங்கினால், அழுத்தம் குறைய மண்டையோட்டின் ஒரு பகுதியை மருத்துவர்கள் அகற்றுகின்றனர். உயிர் நிலைக்கிறது, தலையில் பள்ளம் எஞ்சுகிறது. இரவுப்பணி முடிந்து திரும்புகையில் விழுந்த தொழிலாளி, பிழைத்த பின்னும் தலையைத் துண்டால் மூடியே நடமாடுவதை நாம் காண்கிறோம்.

அகற்றிய எலும்பு பயன்படாதபோது, சி.டி. ஸ்கேன் படங்களைக்கொண்டு கணினி, நலமான பக்கத்தின் வடிவைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி, இழந்த பகுதியை வரைகிறது. அந்த அளவில் டைட்டானியத் தகடு ஒன்று அவருக்கென்றே உருவாகிறது. முகத்திற்கும் இதே வழிதான். 2023-இல் சென்னை ஐ.ஐ.டி., கரும்பூஞ்சையால் முக எலும்பை இழந்தோர்க்கு முப்பரிமாண அச்சில் உள்வைப்புகளை உருவாக்கியது. வறியோர்க்கு அவை இலவசம் எனவும் அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பே நம் சிந்தனைக்குரியது. உலகுக்கு ஆடை அனுப்பும் ஊரில், அதைத் தைத்தவரின் தலைப் பள்ளம் பணமின்மையால் மூடப்படாதிருத்தல் தகுமோ? நலமான பாதியே இழந்த பாதிக்கு அளவு தருகிறது. நலமாயிருக்கும் நாமும் அச்செலவில் பங்கேற்போம்.